பாஸ்போர்ட் யார் கையில்?

வெளிநாடு கிளம்பும் பிள்ளைக்கு நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பாக்கெட்டில் வை, அறையில் பூட்டு, முதலாளியிடம் கொடு. இதில் எது சரி?

ராத்திரி எட்டு மணி. ராஜ வாய்க்காலை ஒட்டிய தெருவில் ஒரு வீடு. விடிந்தால் திருச்சியில் விமானம் ஏற வேண்டும். பையன் கோலாலம்பூருக்குப் போகிறான், உணவகத்தில் சமையல் உதவியாள் வேலை. கட்டில்மேல் பெட்டி திறந்து கிடக்கிறது. இரண்டு கைலி, பருப்புப் பொடி, எள்ளுருண்டை, பிலிக்கல்பாளையத்தில் வாங்கிய அச்சு வெல்லம். கீழே உட்கார்ந்து அம்மா பேண்ட்டின் உள்பக்கம் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

"பாஸ்போர்ட்ட இதுக்குள்ள வெச்சுக்கோ கண்ணு. தூங்கறப்பக்கூட எடுக்காத."

திண்ணையில் இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்க்கிறார். மலேசியாவில் பல வருடம் இருந்து வந்தவர். "இடுப்புல கட்டிட்டுத் திரிஞ்சா ஒரு மாசத்துல தொலைச்சுப்போடுவே சாமி. போன உடனே மொதலாளிகிட்டக் குடுத்துரு. அவரு பீரோவுல பத்திரமா இருக்கும். நாங்கெல்லாம் அப்படித்தான் இருந்தோம்."

வீடியோ அழைப்பில் அமெரிக்காவிலிருந்து அத்தை மகன். "ரெண்டும் வேண்டாம் மாப்ள. ரூம்ல பூட்டி வெச்சுட்டு, போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோ. போதும்."

பையன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்க்கிறான். மூவரும் அவன் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவரில் ஒருவர் சொன்னதைச் செய்தால் அவன் வாழ்க்கையே இன்னொருவர் கைக்குப் போய்விடும். எவர் சொன்னது என்பது தெரியாமல் அவன் விமானம் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கரும்புக் காட்டிலிருந்து கடல் தாண்டி

கரும்பு, வெற்றிலை, வாழை என்று காவிரித் தண்ணீரை நம்பி வாழ்ந்த பூமி இது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய ராஜ வாய்க்கால் இன்றும் பாய்கிறது. அது பாயாத நிலத்துக்காரர்களின் பிள்ளைகள் லாரி ஏறினார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளோடு வட இந்தியா போனார்கள், ஆப்பிரிக்கா வரையும் போனார்கள். பொறியியல் படித்தவர்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறார்கள். படிக்காதவர்கள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா.

2015இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, தமிழகத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு, நான்கு லட்சம் பேர் அளவில். ஏறக்குறைய அதே அளவில் ஐக்கிய அரபு அமீரகம், பிறகு சவுதி அரேபியா, அமெரிக்கா, மலேசியா. இந்த ஐந்து நாட்டிலும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளும் முறை ஒரே விதமல்ல. திண்ணை யோசனைகள் தடுமாறுவது இதனால்தான். ஒவ்வொருவரும் தான் இருந்த நாட்டை வைத்து உலகத்துக்கே சொல்கிறார்.

2025இல் அமெரிக்காவில் வெளிநாட்டவர்மீது கெடுபிடி கூடியதும், இங்கே ஐ.டி. பிள்ளைகளைப் பெற்ற வீடுகளில்கூட இந்தப் பேச்சு வந்துவிட்டது. "பையன் கடைக்குப் போறப்பக்கூட பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போகணுமாமே?" என்று பரமத்தி வேலூர்ச் சந்தையில் கேட்கிறார்கள்.

வெளியே போகும்போது எது வேண்டும்?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். சுற்றிப் பார்க்கப் போகிறவர் வேறு, அங்கேயே தங்கி வேலை செய்கிறவர் வேறு. சுற்றுலாப் பயணியிடம் பாஸ்போர்ட்டைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. தங்கி வேலை செய்கிறவருக்கு அந்த நாடே ஓர் அட்டை கொடுக்கிறது. அன்றாடம் பாக்கெட்டில் இருக்க வேண்டியது அந்த அட்டை.

அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி, சவுதியில் இக்காமா, குவைத்தில் சிவில் ஐடி. நம்மவர்கள் பத்தாக்கா என்று சொல்வதும் இந்த அட்டைகளைத்தான். போலீஸ்காரர் நிறுத்தினால் கேட்பது அதைத்தான். அமீரகத்தில் 2022 முதல் விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதுகூட நின்றுவிட்டது. எமிரேட்ஸ் ஐடியே வசிப்புச் சான்று. சிங்கப்பூரில் பெர்மிட் கார்டு. இப்போது அது செல்போன் செயலியிலும் வந்துவிட்டது. இந்த நாடுகளில் வேலை செய்கிறவர் பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாரம் ஏற வேண்டியதில்லை. வியர்வையில் ஊறி எழுத்து அழிந்த பாஸ்போர்ட்டும் சேதமான பாஸ்போர்ட்தான். அதை வைத்து விமானம் ஏற முடியாமல் போகலாம்.

ஜப்பான் கறாரானது. குறுகிய காலம் போகிற வெளிநாட்டவர் எந்நேரமும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை என்றால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். அங்கேயே வசிக்கிறவர் பாஸ்போர்ட்டுக்குப் பதில் வசிப்பு அட்டையை எடுத்துப் போக வேண்டும். அட்டையைக் காட்ட மறுத்தால் சிறைவரை போகும்.

அமெரிக்கச் சட்டம் பழையது, அமல்தான் புதிது. 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று குடியேற்றச் சட்டம் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறது. யாரும் கேட்காததால் யாரும் கவலைப்படவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பதிவு விதி நடைமுறைக்கு வந்தபோது இதையும் கறாராகப் பார்ப்போம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. 5,000 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. ஆனால் கவனியுங்கள்: சட்டம் கேட்பது பதிவுச் சான்றை. கிரீன் கார்டு உள்ளவருக்கு அந்த அட்டை. எச்1பி விசாவில் இருப்பவருக்கு ஐ-94 என்ற வருகைப் பதிவு. அதை அச்செடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, கூடவே பாஸ்போர்ட், விசா நகலும் வைத்துக்கொண்டால் காய்கறிக் கடைக்கு அசல் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போக வேண்டியதில்லை. வேலூர்ச் சந்தையில் கேட்ட அம்மாவுக்குப் பதில் இதுதான். விமானத்தில் போகும்போதும் எல்லைப் பக்கம் போகும்போதும் அசலே இருக்கட்டும்.

மலேசியாதான் சிக்கல். அங்கே பல வருடம் வேலை பெர்மிட் என்பது பாஸ்போர்ட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கராகவே இருந்தது. அதனால் தெருவில் நிறுத்தினாலும் கடைக்குள் புகுந்து சோதித்தாலும் பாஸ்போர்ட்டைக் காட்டு என்பதே முதல் கேள்வி. பிறகு ஐ-காட் என்ற அட்டை வந்தது. ஆனாலும் காட்ட எதுவும் இல்லாதவரைச் சரிபார்க்கும்வரை உட்கார வைப்பார்கள், நேரமானால் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோவார்கள். செல்லத்தக்க பெர்மிட் இல்லாமல் அங்கே இருப்பதற்குத் தண்டனை 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை. பெர்மிட் உள்ளவர் அதைக் காட்ட முடியாமல் ஓர் இரவு அடைபட்டுக் கிடந்தாலும் அந்த இரவு அவருக்கு நரகம்தான். ஆகவே மலேசியாவுக்குப் போகிறவருக்கு என் யோசனை: கடைக்கும் தங்குமிடத்துக்கும் நடுவில் பெர்மிட் ஆவணமும் பாஸ்போர்ட்டின் கலர் நகலும் கடை முகவரி உள்ள கடிதமும் போதுமா என்று முதல் வாரமே முதலாளியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வேறு மாநிலத்துக்குப் பேருந்து ஏறுகிறீர்களா? அசலை எடுத்துக்கொள்ளுங்கள்.

┌──────────
பெட்டிச் செய்தி: சில நாடுகள், சில விதிகள்

சீனா: 16 வயது நிறைந்த வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டையோ வசிப்பு அனுமதியையோ உடன் வைத்திருக்க வேண்டும். 2013 ஜூலை முதல் நடப்பிலுள்ள சட்டம்.

நெதர்லாந்து: 14 வயது முதல் எல்லோரும் கேட்டால் அடையாள ஆவணம் காட்ட வேண்டும். 2005 முதல்.

ஷெங்கன் நாடுகள்: ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் போனால் வழக்கமாகச் சோதனை இருக்காது. இருந்தாலும் நாடு தாண்டும்போது பாஸ்போர்ட் உடன் இருக்க வேண்டும்.

பிரிட்டன்: தெருவில் பாஸ்போர்ட் எடுத்துப் போகும் கட்டாயம் இல்லை. வசிப்பு அட்டைகளை நிறுத்தி இ-விசாவுக்கு மாறிவிட்டார்கள். அது பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்தது; புதுப் பாஸ்போர்ட் வாங்கினால் கணக்கிலும் மாற்ற வேண்டும்.

நேபாளம்: சரக்கு ஏற்றிப் போகும் நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை, வாக்காளர் அட்டை போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.
└──────────

முதலாளியின் மேசை டிராயர்

இப்போது பெரியவர் சொன்ன யோசனைக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான்.

முதலாளியிடம் கொடுத்துவிடு என்பதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கிற இடத்தில் பூட்டுள்ள அலமாரி கிடையாது. தலையணைக்கு அடியில் வைத்தால் காணாமல் போகும். வருடா வருடம் பெர்மிட் புதுப்பிக்க முதலாளி எப்படியும் பாஸ்போர்ட்டைக் கேட்பார். கொடுத்தது திரும்பி வராது. வராததைக் கேட்பதும் மரியாதை இல்லை என்று நம் ஆட்கள் விட்டுவிடுவார்கள். முதலாளி நல்லவராக இருக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு கணக்கு உண்டு. சிங்கப்பூரில் மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்ட வேண்டும். ஆள் ஓடிவிட்டால் அந்தப் பணம் போகும். ஆள் ஓடாமல் இருக்கப் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது மலிவான பூட்டு. ஆனால் அதைச் சிங்கப்பூர்ச் சட்டமே குற்றம் என்கிறது. அந்நாட்டு மனிதவள அமைச்சகம் முதலாளிகளுக்கு இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, உரிமை இல்லாமல் இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்திருந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், முதலாளி தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. கத்தாரில் 25,000 ரியால் வரை அபராதம். தொழிலாளியே எழுத்தில் கேட்டுக்கொண்டால் முதலாளி பாதுகாத்து வைக்கலாம், ஆனால் கேட்ட உடனே திருப்பித் தர வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி உங்கள் பாஸ்போர்ட் உங்களுக்கே சொந்தமில்லை; அது மத்திய அரசின் சொத்து. வைத்திருக்கும் உரிமை மட்டும் உங்களுடையது. 2008இல் சி.பி.ஐ.க்கு எதிரான சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாஸ்போர்ட்டைக் காவல்துறை கைப்பற்றலாம், ஆனால் முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத்தான் உண்டு என்றது. சி.பி.ஐ.க்கே இல்லாத அதிகாரம் ஒரு கடை முதலாளிக்கு எங்கிருந்து வந்தது?

நாமக்கல்காரர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தவணை கட்டத் தவறிய லாரியின் ஆர்.சி. புக் ஃபைனான்ஸ்காரர் கைக்குப் போனால் அந்த வண்டி யார் சொல்படி ஓடும், யார் சொன்னால் நிற்கும் என்று இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பாஸ்போர்ட் விஷயத்தில் அப்படி நிற்பது வண்டியல்ல, ஆள்.

சம்பளம் இரண்டு மாதம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால், இஷ்டமிருந்தால் இரு என்பார் முதலாளி. போகலாம் என்றால் பாஸ்போர்ட் டிராயரில். ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வருகிறது. டிக்கெட் எடுக்கப் பணம் இருக்கிறது, நண்பர்கள் உதவுகிறார்கள், பாஸ்போர்ட் மட்டும் வரவில்லை. வேலை முடியட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம். அடுத்த வாரம் எழவும் முடிந்து, கருமாதியும் முடிந்துவிடுகிறது. தாய்க்குக் கொள்ளி வைக்க முடியாமல் செல்போன் திரையில் பார்த்து அழுத மகன்களைப் பற்றி வெளிநாடு போய் வந்தவர்கள் பேசக் கேட்டால், டிராயருக்குள் அடைபட்டது வெறும் 36 பக்கப் புத்தகம் அல்ல என்பது விளங்கும்.

பொறுக்க முடியாமல் ஓடி வந்தால் இன்னொரு கதவு மூடுகிறது. வளைகுடாவில் முதலாளி, ஆள் தலைமறைவு என்று புகார் கொடுத்துவிடுவார். சவுதியில் அதற்கு ஹுரூப் என்று பெயர். அந்தப் பெயர் ஏறிவிட்டால் முறையான விசாவில் போனவரும் சட்டவிரோதமாகிவிடக்கூடும். மலேசியாவிலும் இதே கதைதான். பிறகு தினக்கூலிக்கு ஒளிந்து ஒளிந்து வேலை. எப்போது பொதுமன்னிப்பு அறிவிப்பார்கள் என்று காத்திருப்பு. மலேசியா 2019இல் 700 ரிங்கிட் அபராதத்தோடு ஒரு திட்டம் அறிவித்தது. 2024இல் மறுபடி ஒன்று. அமீரகம் 2018இலும் 2024இலும் அறிவித்தது. ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்றவர்களில் நம் மக்களும் இருந்தார்கள்.

ஆவணங்களைப் பிடித்து வைத்தலைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் பதினொரு அடையாளங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. இது காகிதத்தோடு நிற்கிற பேச்சல்ல. 2020 ஜூலையில் மலேசியாவின் கையுறை நிறுவனமான டாப் குளோவின் சில துணை நிறுவனங்களிலிருந்து வரும் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. சொன்ன காரணங்களில் கடன் கொத்தடிமையும் இருந்தது, அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்ததும் இருந்தது. உலகமே கையுறைக்கு அலைந்த கொரோனா காலம் அது. ஆள் சேர்ப்புக் கட்டணமாகத் தொழிலாளர்கள் கொடுத்திருந்த பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் சுமார் 13 கோடியே 60 லட்சம் ரிங்கிட் ஒதுக்கியது. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. அத்தனை பெரிய நிறுவனமே இறங்கி வரும்போது, ஓர் உணவக முதலாளியிடம் என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று கேட்க நம் பையன் தயங்க வேண்டியதில்லை.

படித்தவர்கள் இதற்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று விளம்பரம் பார்த்துப் போன பட்டதாரிகள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டார்கள். போய் இறங்கியதும் பறிபோனது பாஸ்போர்ட். பிறகு இணைய மோசடி செய்யச் சொல்லி அடி, மின் அதிர்ச்சி. அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் இந்தியர் 549 பேரை அழைத்து வந்தார்கள். வேலைக்குச் சேரும் முன்பே பாஸ்போர்ட்டைக் கொடு என்று ஒருவர் கை நீட்டினால், அது என்ன வேலை என்று அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள்.

கேட்கும்போது கொடுக்கத்தான் வேண்டிய நேரங்கள் உண்டு: பெர்மிட் புதுப்பித்தல், மருத்துவச் சோதனை. அப்போது எந்தத் தேதியில் கொடுத்தேன், எதற்குக் கொடுத்தேன், எப்போது திரும்ப வரும் என்று ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வாட்ஸ்அப்பில் நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணா, இன்னிக்கு பெர்மிட் வேலைக்குப் பாஸ்போர்ட் குடுத்திருக்கேன்." அந்த ஒரு வரி நாளைக்குச் சாட்சி.

இன்னொரு டிராயரும் இருக்கிறது, வட்டிக்காரருடையது. வளைகுடாவில் அவசரத்துக்குப் பணம் வாங்கப் பாஸ்போர்ட்டை அடகு வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அரசாங்கச் சொத்தை அடகு வைக்க உங்களுக்கு உரிமையே இல்லை. அது இன்னொருவர் பயணத்துக்குப் பயன்பட்டு, தெரிந்தே கொடுத்தீர்கள் என்று ஆனால், இரண்டாண்டு வரை சிறை உண்டு.

தொலைந்துவிட்டால்

அம்மா தைத்த ரகசியப் பையிலும் ஆபத்து இருக்கிறது. எந்நேரமும் உடம்போடு இருக்கும் பொருள்தான் பேருந்தில், கடற்கரையில், கழிப்பறையில் தவறுகிறது.

தொலைந்தால் முதல் வேலை அந்நாட்டுக் காவல் நிலையத்தில் புகார். புகார் நகலோடு இந்தியத் தூதரகம். அங்கே இரண்டு வழி. தங்கி வேலையைத் தொடர வேண்டுமானால் புதுப் பாஸ்போர்ட். உடனே ஊர் திரும்ப வேண்டுமானால் அவசரச் சான்றிதழ். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். அதை வைத்துத் திரும்பிப் போக முடியாது. சான்றிதழ் கிடைத்ததும் விமானம் ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் தொலைந்த பாஸ்போர்ட்டோடு விசாவும் நுழைவு முத்திரையும் போய்விட்டன. முறையாக வந்தவர்தான் என்று அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையிடம் நிரூபித்து வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அதற்குத்தான் நாளாகிறது.

ஊர் வந்து 36 பக்கப் பாஸ்போர்ட் மறுபடி வாங்க 3,000 ரூபாய். சாதாரணமாகப் புதிது வாங்க 1,500. தட்கலில் என்றால் மேலும் 2,000. நம் பக்கத்துக்காரர்கள் சேலம் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. தொலைந்ததாகப் பதிவு செய்த பாஸ்போர்ட் பழைய பேண்ட் பாக்கெட்டிலேயே கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அதைக் கொண்டு பயணம் செய்யாதீர்கள். தொலைந்த, திருடப்பட்ட பாஸ்போர்ட் எண்கள் இன்டர்போல் பட்டியலுக்குப் போய்விடுகின்றன. விமான நிலையத்தில் உங்கள் பாஸ்போர்ட்டை வைத்து உங்களையே நிறுத்துவார்கள்.

நகல் ஊரில் இருக்கட்டும்

அத்தை மகன் சொன்னது ஏறக்குறைய சரி. ஆனால் நகல் அவன் போனில் மட்டும் இருந்தால் போதாது. போனும் சேர்ந்து தொலையும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இந்தியர்கள் 45 பேர் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். அப்படி ஒரு தீயில் அறையில் இருக்கும் பெட்டி, போன், தாள் எல்லாம் சாம்பல்தான். ஆள் தப்பித்தாலும் கையில் ஒன்றும் இருக்காது.

ஆகவே ஒரு நகல் ஜேடர்பாளையத்து வீட்டில், ரேஷன் கார்டும் பட்டாவும் வைக்கிற அதே பையில் இருக்க வேண்டும். நம் ஆட்கள் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் எடுத்ததோடு விட்டுவிடுவார்கள். விசா பக்கமும் வேண்டும். போய் இறங்கிய அன்றே நுழைவு முத்திரை விழுந்த பக்கத்தையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்நாட்டு அட்டை கைக்கு வந்ததும் அதன் இரு பக்கமும். கூடவே வேலை ஒப்பந்தம், முதலாளி பெயர், தங்குமிட முகவரி.

இது வீட்டாருக்கு ஒரு பிடியைக் கொடுக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குடும்பத்தார் ஊரில் இருந்தபடியே புகார் பதியலாம். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகம் இருக்கிறது. இங்கெல்லாம் போனால் முதலில் கேட்பது பாஸ்போர்ட் எண்ணைத்தான். மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாமல், "மலேசியாவுல ஓட்டல்ல இருக்கானுங்க" என்று மட்டும் சொல்லத் தெரிந்த தாயால் அந்த மனுவில் என்ன எழுத முடியும்?

அந்தப் படங்களை வேலை வாங்கித் தருகிறேன் என்கிற முகம் தெரியாத வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். வீட்டுக்கு மட்டும்.

┌──────────
பெட்டிச் செய்தி: கிளம்பும் முன்

பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள்.

அந்த அனுமதியோடு வரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு 10 லட்சம் ரூபாய். இரண்டாண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்.

தமிழக அரசின் சொந்த ஆள்சேர்ப்பு நிறுவனம் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978இல் தொடங்கியது. வெளிநாட்டு வேலை பற்றிக் கேட்க மத்திய அரசின் இலவச எண்: 1800 11 3090.
└──────────

அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டியது

மூவர் யோசனையில் தவறானது பெரியவருடையது. தம்பி, பாஸ்போர்ட் உன் பூட்டுக்குள், உன் சாவியில் இருக்கட்டும். பூட்டுள்ள சின்னப் பெட்டி ஒன்று வாங்கிக் கட்டிலோடு சங்கிலி போட்டுப் பூட்டினாலும் சரி. அந்நாட்டு அட்டை பாக்கெட்டில், நகல் பர்ஸில், இன்னொரு நகல் அம்மாவிடம். அம்மா தைத்த பை வீணில்லை. விமானம் ஏறி இறங்கும்வரையிலும், ஊர் விட்டு ஊர் போகும்போதும் அது வேண்டும். உணவகத்தில் நிற்கிறபோது வேண்டாம்.

நம் கொட்டகைகளில்

இதை எழுதும்போது வேறொன்றையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. ஜேடர்பாளையத்துப் பிள்ளை மலேசியாவுக்குப் போகிற அதே நேரத்தில் ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் பிள்ளைகள் ஜேடர்பாளையத்துக்கு வருகிறார்கள். நம் வெல்ல ஆலைகளில் கொப்பரை முன்னால் நின்று பாகு காய்ச்சுவதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மொழி தெரியாது, ஊர் தெரியாது. 2023 மே மாதம் இதே பகுதியில் வெல்ல ஆலைத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டகையில் தீ வைத்தார்கள். ஒடிசாத் தொழிலாளர்கள் தீக்காயப்பட்டார்கள். ஒருவர் இறந்தே போனார். யாரோ யாரோடோ போட்ட பகையில் எரிந்தது, அந்தப் பகைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அயலூர்க்காரன்.

வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஆதார் அட்டைதான் இங்கே பாஸ்போர்ட். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அதுவே, காவல் நிலையத்தில் தன்னை யாரென்று சொல்லவும் அதுவே. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குப் படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் ஒன்றை ஒப்பந்ததாரர் கொடுத்து, அது தொழிலாளியிடமே இருக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அவர்கள் ஆதாரை வாங்கி வைத்துக்கொள்கிறவர், முன்பணம் கொடுத்திருக்கிறேன், ஓடிவிடுவான் என்று சொன்னால், அது கோலாலம்பூர் முதலாளி சொல்லும் அதே காரணம். அங்கே நம் பிள்ளைக்கு அது அநியாயம் என்றால் இங்கே இன்னொரு தாயின் பிள்ளைக்கும் அநியாயம்தான்.

ஆலை வைத்திருக்கிறவர்களே, காவல் நிலையத்தில் பதிவு செய்ய ஆதார் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அது நல்லது. அசல் உங்கள் மேசையில் இருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.